குடிநீர் வாரியத்தில் ஒரு சரித்திரக்காரி

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், கல்லூரியில் சரித்திரம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ, அதுதான் அந்த வீட்டிலும் நடந்தது. பள்ளி வேன் ஓட்டும் அப்பா, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்போன் கடை வைத்திருந்த சித்தப்பா, விஷயம் காதில் விழுந்ததும் கடையைப் பாதி மூடிவிட்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, செத்துப் போனவங்களைப் பத்திப் படிச்சிட்டு, உயிரோட இருக்கற நீ எப்படிம்மா பொழைக்கப் போற?"

"சித்தப்பா, டாக்டர் தவிர எல்லாரும் உயிரில்லாததைத்தான் படிக்கிறாங்க. கணக்குக்கு உயிர் இருக்கா?" என்றாள் அவள்.

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தட்டைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மாதான் குரல் கொடுத்தாள்: "படிக்கப் போறது அவ. தலைவலி மட்டும் ஏன் உங்க ரெண்டு பேருக்கும் வருது?" அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் 'சரித்திரம்' என்றே ஆகிவிட்டது. "சரித்திரம், கதவைத் தாழ் போட்டியா?" என்று அப்பாவே கேட்க ஆரம்பித்தார்.

வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். கடைசி வருடம் கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தபோது ஒன்பது பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் நின்றார்கள். வங்கிக்காரர்கள் வணிகவியல் கேட்டார்கள். கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் கேட்டார்கள். ஒரு மேஜையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் மட்டும் அவளை ஆசையாகப் பார்த்து, "ஹிஸ்டரியா! அப்ப ஞாபகசக்தி அபாரமா இருக்கும்ல?" என்றார்.

"இல்ல சார். யாரோட ஞாபகத்தையும் நம்ப முடியாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனாலும் யாரும் வீணாகப் போகவில்லை. இரண்டு பேர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்கள். ஒருத்தி சட்டக் கல்லூரியில் சேர்ந்து, "வழக்குக் கட்டைப் பிரிச்சா நம்ம வகுப்புல உக்காந்திருக்கற மாதிரியே இருக்குடி" என்று போன் செய்தாள். ஒருவன் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில், வருகிற தகவல் உண்மையா புருடாவா என்று சரிபார்க்கும் வேலைக்குப் போனான். கடைசி பெஞ்சில் தூங்கியே மூன்று வருடத்தை ஓட்டியவன் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, தீப்பிடித்த கிடங்குகளில் தீ எப்படிப் பிடித்தது என்று துருவித் துருவி விசாரித்துக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று பேர் அரசுத் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள்.

நம் சரித்திரம் முதலில் சுற்றுலா வழிகாட்டியாகப் போனாள். ஒரு மாதம் தாக்குப் பிடித்தாள். பழைய கோட்டை வாசலில் நின்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கி முடித்ததும் வந்த கேள்விகள் இரண்டே இரண்டுதான்: கழிவறை எங்கே, போட்டோ எங்கே நின்றால் நன்றாக வரும். பிறகு ஆறு மாதம் அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழித்தாள். அதற்கப்புறம்தான் குடிநீர் வாரியத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பாவின் வேனில் வரும் ஒரு குழந்தையின் தாயார் சொன்னார்.

வேலை ரொம்பச் சுலபம். வாரிய அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு நீளமான அறை. அதில் நூறு வருடக் காகிதம். வரைபடம், கடிதம், பேரேடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும். கூட வேலை பார்த்த இரண்டு பேர் ஒரு நாளைக்கு எண்ணூறு தாள் தள்ளினார்கள். இவள் இருநூறைத் தாண்டவில்லை. காரணம், இவள் படித்தாள்.

"படிக்கச் சொல்லலம்மா, ஸ்கேன் பண்ணத்தான் சொன்னேன்," என்று தலைமை எழுத்தர் தினமும் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"கம்ப்யூட்டர்ல ஃபைலுக்குப் பேரு வைக்கறதுக்குப் பார்க்கறேன் சார்," என்பாள். அதிலும் அந்தப் புகார்க் கடிதங்கள்! குழாயில் மீன் வந்தது என்று ஒருவர். பக்கத்து வீட்டுக்காரன் தன் தண்ணீரையும் சேர்த்துக் குளிக்கிறான் என்று ஒருவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம்போட்டுச் சிரிப்பாள். மற்ற இருவரும் இவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மூன்று மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது கடைத்தெருவில் பெரிய குழாய் வெடித்தது.

காலை பத்து மணிக்குத் தெரு நடுவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கடைக்காரர்கள் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொறுப்பில் இருந்த இன்ஜினியரம்மா முழங்கால்வரை ஈரத்தோடு அலுவலகத்துக்குள் வந்து, "மெயின் வால்வை அடைச்சா பெரியாஸ்பத்திரிக்குத் தண்ணி நின்னுடும். அந்தத் தெருவுக்குன்னு தனியா ஒரு வால்வு இருக்கணும். எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல!" என்று பொதுவாகக் கத்தினார். கையில் இருந்த வரைபடத்தில் 'அச்சகத்தின் வாசலில்' என்று மட்டும் இருந்தது. கடைத்தெருவில் அச்சகமே கிடையாது. இருந்ததாக யாருக்கும் நினைவும் இல்லை.

"மேடம், அந்த அச்சகத்துப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு கடிதம் எழுதியிருக்கார்," என்றாள் இவள்.

"யாரு, இப்பவா?"

"அம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி."

இன்ஜினியரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். இவள் ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்துவந்து வாசித்தாள். 'அச்சகத்தை ஒட்டி, கதவு எண் 14-ல் உள்ள என் கடிகாரக் கடை வாசலில் தங்கள் இரும்பு மூடி இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இம்மாதத்தில் அதில் தடுக்கி மூவர் விழுந்தனர். அவர்களில் ஒருவன் நான்.'

"வண்டில ஏறு," என்றார் இன்ஜினியரம்மா.

பதினான்காம் எண்ணில் இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை. வாசலை உடைத்தார்கள். வாரியத்துக் குழாய் ஃபிட்டர் அரை மணி நேரம் கடப்பாரையால் குத்தித் தோண்டினார். கிடைத்தது ஒரு பழைய சாக்கடை. அதன் வாசனை வேறு தெரு முழுக்கப் பரவியது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"சரித்திரத்துல சாக்கடையும் உண்டுல்ல," என்றார் ஃபிட்டர், நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே.

இன்ஜினியரம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒற்றைக் கடிதத்தை நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று முதல் வருடமே படித்திருந்தும், அவசரத்தில் கோட்டைவிட்டுவிட்டோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். திரும்ப அறைக்கு ஓடினாள். அந்தத் தெருவிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூட வேலை பார்த்த இருவரும் தம் ஸ்கேனர்களை நிறுத்திவிட்டு, கேட்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்தார்கள்.

ஒன்றரை மணிக்கு அது சிக்கியது. தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, கடிகாரக் கடைக் கடிதத்துக்குச் சில வருடம் கழித்து எழுதியது. 'இத்தனை காலமும் கதவு எண் 1 ஆக இருந்த எங்கள் பள்ளியை நகராட்சி 96 ஆக்கிவிட்டது. அன்று முதல் எங்களுக்குத் தபால் வருவதில்லை. தங்கள் நோட்டீஸ் மட்டும் தவறாமல் வருகிறது.'

அவள் துள்ளி எழுந்தாள். எண்ணைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள்! முன்பு பள்ளிக்கூடத்திலிருந்து எண்ண ஆரம்பித்த தெருவை, பிறகு சந்தைப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அப்படியானால் பழைய பதினான்கு, புதிய எண்பத்து மூன்று. இந்த முறை உடனே கடப்பாரையைத் தூக்கச் சொல்லவில்லை. எண்பத்து மூன்றுக்கு எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தாள். அங்கே ஒருவருக்குப் பாதி தாடி மழித்திருந்தது.

"அண்ணா, எதிர்ல முன்னாடி என்ன கடைங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

"இப்ப செருப்புக் கடை. அதுக்கு முன்னாடி பாத்திரக் கடை," என்றார் கடைக்காரர். "அதுக்கும் முன்னாடி எங்கப்பா காலத்துல கடிகாரக் கடைம்மா. அந்தக் கடை பெரிய கடிகாரத்தைப் பார்த்துத்தான் எங்கப்பா கடையைத் திறப்பாராம். அது பத்து நிமிஷம் தாமதமா ஓடுமாம். எங்கப்பாவும் அப்படித்தான்."

போதும். இரண்டு கடிதம், ஒரு வாய்ச்சாட்சி.

செருப்புக் கடைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "என்ன விளையாடறீங்களா? எங்க கடைக்குள்ள எப்படி வால்வு வரும்?"

"வால்வு உங்க கடைக்குள்ள வரல சார். உங்க கடைதான் வால்வு மேல வந்திருக்கு," என்றாள் இவள். நடைபாதையை நான்கடி ஆக்கிரமித்து, பளபளவென்று டைல்ஸ் போட்டு, அதன் மேல் செருப்பு அடுக்கும் அலமாரியை நிறுத்தியிருந்தார் அவர். இன்ஜினியரம்மா அந்த நான்கடியை ஒரு பார்வை பார்த்தார். பார்வையின் பொருள் கடைக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அலமாரியை நானே நகர்த்தித் தர்றேன் மேடம்," என்றார்.

மூன்றாவது டைல் பெயர்ந்ததும் ணங் என்று ஒரு சத்தம். இரும்பு மூடி! ஃபிட்டர் மண்ணைத் தள்ளி, மூடியைத் தூக்கி, நீளமான திருகுசாவியை உள்ளே விட்டார். எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துத் திருகினார். நாற்பத்து இரண்டு சுற்று. தெரு நடுவே ஆள் உயரத்துக்கு நின்ற தண்ணீர் இடுப்பளவுக்குத் தணிந்து, முழங்காலுக்கு வந்து, கடைசியில் கொப்பளித்து அடங்கியது. கூட்டம் கைதட்டியது. பாதி தாடிக்காரர் துண்டு போர்த்தியபடியே வாசலுக்கு வந்து கைதட்டினார்.

"உன் பேரு என்னம்மா?" என்று ஃபிட்டர் கேட்டார்.

"வீட்டுல சரித்திரம்னு கூப்பிடுவாங்க."

"பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க."

எட்டு நாளில் முடிய வேண்டிய வேலை, முதலில் ஒரு வருடம் நீண்டது. பிறகு நிரந்தரமானது. 'வழித்தட ஆவண அலுவலர்' என்று அவளுக்காகவே ஒரு பதவியை உண்டாக்கினார்கள். எங்கே தோண்டுவதாக இருந்தாலும் முதலில் கோப்பு அவள் மேஜைக்கு வந்து, அதன் பிறகுதான் கடப்பாரை வெளியே போகும். அறையில் புது அலமாரிகள் வந்தன. கூட வேலை பார்த்த இருவரையும் வாரியத்தோடு சண்டை போட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அவர்களும் இப்போது ஒரு நாளைக்கு இருநூறு தாளைத் தாண்டுவதில்லை. காரணம் கேட்டால் மூன்று பேரும் ஒன்றாகச் சிரிக்கிறார்கள்.

தவறும் நடக்காமல் இல்லை. போன வருடம் அவள் சொன்ன இடத்தில் தோண்டி, ஒரு வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்த ரோஜாத் தோட்டம் நாசமானது. தானே போய் மன்னிப்புக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்வெட்டி பிடித்துப் புதுச் செடிகள் நட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா வேனில் செடிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்.

சென்ற மாதம் மின்வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி இன்ஜினியரம்மாவைத் தேடி வந்தார். அவர்களுடைய நிலத்தடி கேபிள் ஒன்று எங்கே போகிறது என்று தெரியவில்லையாம். அந்தப் பெண்ணை இரண்டு நாளைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். இன்ஜினியரம்மா, தன் புதுப் பட்டுப்புடவையை யாரோ இரவல் கேட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"ரெண்டே நாள். மூணாவது நாள் காலைல ஒன்பதரைக்கு இங்க அவ சீட்ல இருக்கணும்."

மின்வாரிய வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "சார், உங்க ஆபீஸ்ல பழைய புகார்க் கடிதம் எல்லாம் வச்சிருக்கீங்களா?"

"அந்தக் குப்பையா? அதெல்லாம் எதுக்கும்மா? மாடில மூட்டை கட்டிப் போட்டிருக்கோம்."

"எத்தனை மூட்டை?"

"அது இருக்கும், நாப்பது அம்பது."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, தான் என்ன நல்ல செய்தி சொன்னோம் என்று அந்த அதிகாரிக்கு விளங்கவே இல்லை. "டிரைவர், கொஞ்சம் வேகமா போங்க," என்றாள் அவள்.