வயரின் கடைசியில் இருந்த மூடி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டுகிற பிரஸ் டூல் செய்யும் பட்டறை ஒன்றில் நான் ஹெல்பராக இருந்தேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கூட்டுவது, பெட்டி தூக்குவது, டீ வாங்கி வருவது, ஏணி ஏற வேண்டியிருந்தால் ஏறுவது, இவ்வளவுதான் வேலை. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. முதலாளி கேள்வி கேட்டாலும் தலையை ஆட்டித்தான் பதில் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பட்டறைக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் டிராயிங் போட ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தது. ரயிலில் வந்துபோவாள். என்னை அண்ணே என்று கூப்பிட்ட முதல் ஆள் அந்தப் பட்டறையில் அவள்தான்.

ஒரு வருடத்துக்குள் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. புது டிராயிங் போட இடம் வேண்டுமென்றால் பழையதை பிளாப்பியில் ஏற்றிவிட்டு அழிக்க வேண்டும். பிளாப்பிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். எங்கள் தகரக் கூரைச் சூட்டில் சில பிளாப்பிகள் மறுபடி திறக்கவில்லை. போட்ட டிராயிங்கையே இரண்டாம் தடவை உட்கார்ந்து போட்டாள். பெரிய டிஸ்க் வாங்கி மாட்டலாமா என்று முதலாளி கேட்டதற்கு, இந்தச் சின்ன மெஷின் அதை ஏற்காது என்று கம்ப்யூட்டர் கம்பெனி எஞ்சினியர் சொல்லிவிட்டார். வேறு வழி ஒன்று சொன்னார். பெரிய டிஸ்க் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரை முதலாளி ரூமில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் வயர் இழுத்துவிட்டால், அந்த டிஸ்க்கை இங்கிருந்தே உபயோகிக்கலாம்.

வயரை இழுத்தவன் நான். டிவி ஆன்டெனா வயர் போலக் கறுப்பாக, உருண்டையாக இருந்தது. வெல்டிங் பக்கம் போகக் கூடாது என்று எஞ்சினியர் சொன்னதால், கூரைக் கம்பியோடு சுற்றிக்கொண்டு போய் டிராயிங் ரூமில் இறக்கினேன். கம்ப்யூட்டரின் பின்னால் 'டி' வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு. அதன் ஒரு கையில் வயர். மறு கை சும்மா இருந்தது. முதலில் போட்டுப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. எஞ்சினியர் பையிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவில் பளபளவென்று இரண்டு மூடிகளை எடுத்தார். ஒன்றை இங்கே சும்மா இருந்த கையிலும், இன்னொன்றை முதலாளி ரூமிலும் திருகினார். பிறகு வந்தது.

"அண்ணே, இங்க பாருங்க, எஃப்னு புதுசா ஒரு டிரைவ் வந்திருக்கு. பெட்டி இங்க இருக்கு, இடம் அங்க இருக்கு" என்று அந்தப் பெண் காட்டினாள். டூல் ஸ்டோர் பார்க்கும் எங்கள் ஸ்டோர்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, ஏணி நம்ம ஊட்ல, பரண் பக்கத்து ஊட்லயா? நல்லா கீது கதை."

அதற்குப் பிறகு அவள் எதையும் அழிக்கவில்லை. எல்லா டிராயிங்கும் எஃப்பில் போயிற்று. பிஸ்கட் டின்னை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவள் அரை நாள் லீவில் கிளம்பினாள். இரண்டு கம்ப்யூட்டரையும் எழுதிக் கொடுத்திருந்த முறைப்படி நிறுத்திவிட்டு, "அண்ணே, இதுக்கும் பொட்டு வச்சிருங்க. ஈரத்துணி மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வாழைக்கன்று கட்டினோம். சந்தனம், குங்குமம் வைத்தோம். சின்னச் சாமான்களைக் கழுவித் துடைத்து, சாமி படத்தின் முன்னால் பலகையில் அடுக்கினோம். வெர்னியர், ஸ்பேனர், டிரில் பிட்டு எல்லாம் இருந்தது. கம்ப்யூட்டரை உலர்ந்த துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். ஆனால் பலகையில் அதன் சார்பில் ஒன்றுமே இல்லை. அதைத் தூக்கிவந்து வைக்க முடியாது. கழற்றக்கூடியது என்று பார்த்தால் பின்னால் அந்த மூடி ஒன்றுதான் இருந்தது. தூசி போகாமல் இருக்கப் போட்டது என்று நினைத்தேன். அரைத் திருகில் கையோடு வந்துவிட்டது. துடைத்து, குங்குமம் வைத்து, டிரில் பிட்டுகளின் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெண் இல்லாத குறையைத் தீர்த்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தது. விஜயதசமியன்று சாமான்களை எடுத்து வைத்தது ஸ்டோர்காரர். எனக்கு மூடியின் நினைவே வரவில்லை.

லீவு முடிந்து அவள் வந்து இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டாள். எஃப் இல்லை. முதலாளி ரூமில் பெரிய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் நேராக டிராயிங்கைத் திறந்து பார்க்க முடியாது. சின்னக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பார்க்க வேண்டும். வயர் இழுத்த ஆடி மாதத்திலிருந்து அவள் போட்ட அத்தனையும் அதற்குள் இருந்தது. அதில் ஒரு டூல் அந்த வாரமே வெட்ட வேண்டியது.

மறுநாள் எஞ்சினியர் வந்தார். முதலில் வந்தவர் அல்ல, அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். இவர் புதிது. மேஜை சுவரை ஒட்டி இருந்தது. மேலிருந்தே கையை விட்டு வயரை இழுத்துப் பார்த்தார்.

"லைன் டைட்டாதான் இருக்கு. யாராவது வயர்ல கை வச்சீங்களா?"

அவள் இல்லை என்றாள். என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன். வயரில் நான் கை வைக்கவில்லையே.

"லீவுக்கு முன்னாடி யாரும்மா ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார். எழுதிக் குடுத்த மாதிரியேதான் பண்ணேன்."

"அந்த மாதிரி பண்ணியிருந்தா இப்படி ஆகாது. டிஸ்க் போயிருக்கும். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்."

முதலாளி அவளைத் திட்டவில்லை. "இதுக்குத்தான் ஒரு ஆளைச் சம்பளம் குடுத்து வைக்கிறோம்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அவள் குனிந்துகொண்டு விசைப்பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எஞ்சினியர் முதலாளி ரூமுக்குப் போய்ப் பையிலிருந்து பிளாப்பியை எடுத்தார். நாங்களும் பின்னால் போனோம்.

நான் டீ டம்ளர்களோடு நின்றிருந்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில், பெரிய கம்ப்யூட்டரின் பின்புறம் எனக்கு நேராகத் தெரிந்தது. அங்கே இரும்புத் துண்டின் ஒரு கையில் வயர், மறு கையில் மூடி. அதைப் பார்த்ததும் வயர் இழுத்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் மூடி போடும்வரை ஒன்றும் வரவில்லையே. தூசிக்குப் போட்டது என்றால், அது இல்லாமலும் வந்திருக்க வேண்டுமே.

பிளாப்பி உள்ளே போனது. கரகரவென்று சத்தம் வந்தது. நான் தப்பாக இருந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். சரியாக இருந்தால் வேலை போகும். அந்தப் பெண் என் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

"சார், மூடி" என்றேன்.

"என்னப்பா?" என்றார் முதலாளி. நான் பேசியதே அவருக்கு ஆச்சரியம்.

"டிராயிங் ரூம்லயும் இந்த மாதிரி ஒரு மூடி இருந்துச்சு சார். பூஜைக்குக் கழட்டி வச்சேன். நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பு ஒண்ணும் இல்ல. அழிக்காதீங்க சார்."

எஞ்சினியர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "டெர்மினேட்டரைக் கழட்டி சாமிக்கு வச்சீங்களா?" என்றார். பிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு, "எங்க அது? ஓடுங்க" என்றார்.

ஸ்டோருக்கு ஓடினேன்.

"மூடியா? இன்னா மூடி நைனா, சோடா மூடியா?" என்றார் ஸ்டோர்காரர். டிரில் பிட்டுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். "யோவ், சைஸ் பார்த்து அடுக்கி வச்சிகினு கீறேன், கவுத்துட்டியே!" என்று கத்தினார். கத்திக்கொண்டே அவரும் குந்தித் தேடினார். அவர் கையில்தான் கிடைத்தது. "இதுவா? பொட்டெல்லாம் வச்சிகினு ஜோரா கீது."

உள்ளே அப்பியிருந்த குங்குமத்தை ஊதித் தட்டினேன். டிராயிங் ரூமில் எஞ்சினியர் அதை வாங்கக் கை நீட்டினார். மேஜைக்கு அடியில் புகுந்து பழகியவன் நான் என்பதால் நானே நுழைந்து திருகினேன். அடியிலேயே இருந்தேன். மேலே கம்ப்யூட்டர் ஓடும் சத்தம். பிறகு விசைகள் தட்டும் சத்தம்.

"அண்ணே, வெளிய வாங்க. எஃப் வந்திருச்சு" என்றாள். எழுந்து பார்த்தேன். டிராயிங்குகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. திரை நிறைந்து, மறுபடியும் நிறைந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

வயரின் கடைசியில் மூடி இல்லாவிட்டால் போகிற செய்தி முட்டித் திரும்பி வந்து, எல்லாவற்றையும் குழப்பிவிடும் என்று எஞ்சினியர் முதலாளிக்கு விளக்கினார். அவளிடம், "சாரிம்மா, நீ சரியாத்தான் ஆஃப் பண்ணியிருக்க" என்றார். முதலாளி அதைக் கேட்டுக்கொண்டு, ஒரு டீயை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எனக்கு வேலை போகவில்லை.

எல்லோரும் முதலாளி ரூமுக்குப் போன பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எடுத்தது எடுத்தீங்க, நேத்தே சொல்லக் கூடாதாண்ணே?"

பழையபடி தலையைத்தான் ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

எஞ்சினியர் கிளம்பும்போது பையிலிருந்து இன்னொரு மூடியை எடுத்து என் கையில் வைத்தார். "இது சாமிக்கு, அது கம்ப்யூட்டருக்கு. மாத்திடாதீங்க."

அடுத்த பூஜைக்குப் பலகையில் அந்த மூடிதான் இருந்தது. அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டரும் வந்திருந்தது. வயரை அதுவரை நீட்ட, பழைய கடைசியிலிருந்த மூடியைக் கழற்றிப் புதுக் கடைசியில் போட வேண்டும். எஞ்சினியருக்குச் சொல்லி அனுப்பலாம் என்றார் முதலாளி.

"நானே போட்டுடறேன் சார்" என்றேன்.