துவாதசிப் பாரணையும் பொட்டாசியமும்

டயாலிசிஸ் யூனிட்டில் காலையில் முதல் வேலை எடை பார்ப்பது. போன தடவை முடித்து அனுப்பியபோது இருந்த எடைக்கும், இன்று வந்து நிற்கிற எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்பில் தேங்கிய தண்ணீர். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அது வெளியே போக வேறு வழி கிடையாது. அதனால் எங்கள் நோயாளிகளுக்கு எடை மெஷின்தான் பரீட்சை ஹால். ஏறி நிற்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், என்னமோ அதில் அரைக் கிலோ குறைந்துவிடப் போவது மாதிரி.

நான் மன்னார்புரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். இப்போது எடமலைப்பட்டி புதூரில் வீட்டோடு இருக்கிறேன். இன்னமும் விடிவதற்கு முன்னால் முழிப்பு வந்துவிடுகிறது. மெஷின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறும் அந்தச் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது. சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன்.

எடை ஏறாத நாள்

சாரங்கபாணி சார் ஸ்ரீரங்கத்துக்காரர். ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். காலமெல்லாம் அடுத்தவருக்கு மார்க் போட்டுப் பழகியவர் என்பதால், நான் அவர் எடையை எழுதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். எப்போதும் மூன்று கிலோவாவது ஏற்றிக்கொண்டுதான் வருவார். நான் திட்டுவேன். அவர் வெயிலைக் குறை சொல்வார்.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி அவருடைய டயாலிசிஸ் நாளிலேயே வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் உற்சவர் நம்பெருமாள் பின்னாலேயே பரமபத வாசல் வழியாகப் போகாத வருஷமே தனக்குக் கிடையாது என்று டாக்டரிடம் மன்றாடினார். "தண்ணி மட்டும் கவனமா இருங்க சார்" என்று நூறு தடவை சொல்லிவிட்டு, டாக்டர் ஒரு நாள் தள்ளிக் கொடுத்தார்.

ஏகாதசிக்கு மறுநாள், துவாதசியன்று காலை வந்து மெஷினில் ஏறினார். ஒன்றரைக் கிலோகூட ஏறவில்லை. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஏறச் சொன்னேன். அதே எடை.

"என்ன ஸ்டெல்லாம்மா, சென்டம் உண்டா?" என்றார்.

"குடுத்துடலாம் சார்."

பெட்டுக்கு நடந்தவர் பாதி வழியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கால் துவள்றது. நேத்திக்கு வரிசையில நின்னது, வேற ஒண்ணுமில்லை."

எனக்குச் சந்தேக புத்தி. வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்த அதே குணம் வேலையில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். மெதுவாக, யோசித்து யோசித்து அடித்தது.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க சார்?"

"ஒண்ணுமே சாப்பிடலை. ஏகாதசின்னா உபவாசமாச்சே."

வாசலில் நின்றிருந்த அவர் வீட்டு மாமியிடம் ஓடினேன். அவரும் அதையேதான் சொன்னார். "சத்தியமா ஒண்ணும் சாப்பிடலைம்மா. அரிசியைக் கண்ணால பார்க்கலை."

"சாப்பாட்ட விடுங்க மாமி. வாய்க்குள்ள என்னென்ன போச்சு, அத மட்டும் சொல்லுங்க."

மாமி சாவகாசமாகச் சொன்னார். "பழம்தான். மலைவாழைப்பழம் மூணு நாலு இருக்கும். சாத்துக்குடி பிழிஞ்சு குடுத்தேன். மத்யானம் அரை இளநீர், தண்ணி ஜாஸ்தி கூடாதுன்னேளே, அதனால அரைதான். இன்னிக்குக் கார்த்தால விரதம் முடிக்கிற பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. கீரைன்னா இவருக்கு உசிரு."

அத்தனையும் பொட்டாசியம். சாதாரண நாளில் மாமி காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பவர். வாழைப்பழத்தை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். ஆனால் ஏகாதசிப் பழமும் துவாதசிக் கீரையும் அந்தக் கணக்கில் சேராதவை.

"பெருமாள் கண்டருளின பழம்மா," என்றார் மாமி. "அது எப்படிக் கெடுதல் பண்ணும்?"

பதில் சொல்ல நேரமில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஈ.சி.ஜி. மெஷினை இழுத்தேன்.

உள்ளே தள்ளுவதும் வெளியே எடுப்பதும்

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொழில் வந்த மாதிரி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது சும்மா கிடக்கும் தோல் இல்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்த்து விடுகிற சவ்வு. அதில் சின்னச் சின்ன பம்ப்புகள் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். உடம்பின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி செல்லுக்குள்தான் இருக்கவேண்டும், ரத்தத்தில் துளிதான் இருக்கலாம். மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியேற்றும். அந்த வழி அடைத்துப் போனவருக்கு அது ரத்தத்திலேயே நிற்கும். கூடிக்கொண்டே போனால் தசை துவளும், கடைசியில் இதயம் நின்றுவிடும். எடை மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான்.

ஈ.சி.ஜி. பேப்பரில் அலைகள் கூடாரம் மாதிரி கூராக நின்றன. டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். "பிளட் அனுப்புங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம். கால்சியம் குளுக்கோனேட் எடுங்க."

கால்சியம் இதயத்தைக் கொஞ்ச நேரம் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. அடுத்து டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைத் திரவத்தோடு இன்சுலின். இன்சுலின் அந்தப் பம்ப்புகளை முடுக்கிவிடும், ரத்தத்தில் நிற்கும் பொட்டாசியம் செல்லுக்குள் போகும். அதாவது விருந்தாளி வரும்போது கூடத்தில் கிடக்கும் சாமானை அள்ளி ரூமுக்குள் போட்டுக் கதவைச் சாத்துவது. வீடு சுத்தமான மாதிரி தெரியும், சாமான் எங்கும் போகவில்லை.

அதை வீட்டை விட்டே வெளியேற்றுவதுதான் எங்கள் வேலை. டயலைசருக்குள் தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும், ஒவ்வொன்றின் சுவரும் ஒரு சவ்வு. உள்ளே ரத்தம் ஓடும், வெளியே பொட்டாசியம் குறைவான திரவம் ஓடும். அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு அது தானாகவே கடந்துவிடும். யாரும் தள்ள வேண்டாம், நேரம் கொடுத்தால் போதும். அன்றைக்கு எங்களிடம் இல்லாதது அதுதான்.

இடது கையில் டயாலிசிஸுக்கென்றே ஆபரேஷனில் பெரிதாக்கிய ரத்தக் குழாயான ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசியையும் போட்டேன். அவர் முகம் வெளுத்திருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைக் காட்டிக் கேட்டார். "அது அரிசியிலேர்ந்து எடுத்ததில்லையே?"

"துவாதசி ஆயிடுச்சு சார். பேசாம படுங்க."

சிரிக்கப் பார்த்தார். ஒரு மணி நேரம் போல மானிட்டரை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கூடாரங்கள் மெல்லத் தாழ்ந்தன. நாடி வேகம் பிடித்தது. முடிந்ததும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ரத்தத்தில் குறைந்ததும் செல்லுக்குள் பதுங்கியது திரும்ப வெளியே வரும். அதைத் தெரியாமல் அப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் உண்டு. டாக்டர் அன்று முழுவதும் அவரை வார்டில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மாமி அழுதுகொண்டிருந்தார். காலையில் கேட்டதற்கு அப்போதுதான் பதில் சொன்னேன். "பழம் ஒண்ணும் பண்ணல மாமி. போறதுக்கு வழியில்லாம உள்ளேயே நின்னுச்சு, அதுதான் பண்ணிச்சு." மாமி புரிந்துகொண்டார். அன்றிலிருந்து விரத நாள் வந்தால் முதலில் என்னிடம்தான் கேட்பார், அப்புறம்தான் பஞ்சாங்கம். ஏகாதசிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி என்று முடிவானது. துவாதசிக்குக் கீரை, பெயருக்கு ஒரே ஒரு இலை.

நானும் அதற்குப் பிறகு யாரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதில்லை. வாய்க்குள் போனது என்ன என்றுதான் கேட்பேன். நோன்பு இருப்பவர், சபரிமலைக்கு மாலை போட்டவர், தவக்காலம் அனுசரிக்கும் எங்கள் ஆட்கள், எல்லோருக்கும் சாப்பாட்டில் சேராத ஏதோ ஒன்று இருக்கிறது. நீங்களும் அப்படியே கேளுங்கள்.

அடுத்த வருஷம்

சாரங்கபாணி சார் அதற்குப் பிறகும் சில வருஷம் எங்களிடம் வந்தார். இப்போது இல்லை. அடுத்த வருஷ வைகுண்ட ஏகாதசியும் அவருடைய டயாலிசிஸ் நாளில்தான் வந்தது. இந்தத் தடவை டாக்டரிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாமியை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஆட்டோவில் தனியாக வந்து எடை மெஷினில் ஏறினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

டி.வி.யில் விடியற்காலை பரமபத வாசல் திறந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ரத்தினக் கல் இழைத்த ரத்னாங்கியில் நம்பெருமாள் வெளியே வந்தபோது சார் வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினார். இடது கை இரண்டு ஊசியோடு தலையணை மேல் கிடந்தது.

"ஒத்தைக் கையால சேவிக்கப்படாது, ஸ்டெல்லாம்மா," என்றார் மெதுவாக.

"அந்தக் கையத் தூக்குனா ஊசி நழுவிடும் சார்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கீழே இறக்கப் போனார்.

நான் கிளவுஸைக் கழற்றிவிட்டு, என் இடது கையை அவருடைய வலது கையோடு சேர்த்து வைத்தேன். பெருமாள் மண்டபம் போய்ச் சேரும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.