முந்திரிக் குழம்பும் எலிப்பொறியும்

எட்டு வயதில் நான் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பயந்து நடுங்கினேன். பேய்க்கோ பாம்புக்கோ பயந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

சித்தப்பா தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஒருநாள் நான் கீரைக்கூட்டை 'டெலிஷியஸ்' என்றதும், அந்தச் சொல்லின் பூர்வீகத்தை எடுத்துவிட்டார். இன்றைக்கு அதற்கு ருசியானது என்று அர்த்தம். ஆனால் லத்தீனில் அதன் வேருக்கு ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போவது என்று பொருளாம்.

"எலிப்பொறியில கருவாட்டுத் துண்டு வைக்கிறோம்ல, அந்த மாதிரி. எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாங்க" என்றார்.

எங்கள் வீட்டு எலி ஒன்று அப்படிப் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதன்பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவே இல்லை.

கொஞ்ச நாளில் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் போனோம். ஒரே பெண், முந்திரிக்காடு உண்டு, கட்டிக்கொள்கிறவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதைக் கேட்டதிலிருந்து நான் சித்தப்பாவை விட்டு நகரவே இல்லை. என்னை வண்டியில் பள்ளிக்கு அழைத்துப் போவதும், இடி இடித்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வதும் அவர்தான். ஒரே ஆறுதல், சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது. காப்பி குடிக்கலாம், இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்றாகிவிடும். அப்பா புறப்படும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உள்ளே நுழைந்ததுமே பச்சை முந்திரிப்பருப்புக் குழம்பு வாசம். கூடத்தில் இலையே போட்டிருந்தார்கள். எனக்கோ நல்ல பசி. மூக்கைப் பொத்திக்கொண்டு சித்தப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவரும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் பெண்ணின் அம்மா.

"இருக்கட்டுங்க. ஊருக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்லிவிடுறோம்" என்று அப்பா எழுந்தார்.

எனக்குப் போன உயிர் வந்தது. அப்போதுதான் சித்தப்பா என் கையை மெல்ல விலக்கிவிட்டு, நேரே போய் இலை முன்னால் உட்கார்ந்தார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. சித்தப்பா நிதானமாகச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அந்தச் சொல்லையே சொன்னார்.

நான் வீறிட்டு அழுதேன்.

"சாப்புடாதீங்க சித்தப்பா!"

காரம் பட்டுவிட்டதென்று யாரோ என் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். நான் எதையுமே தின்னவில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண், இன்று என் சித்தி, பக்கத்தில் வந்து குனிந்து காதோடு சொன்னார்: "அழாதம்மா. இது எலிப்பொறி இல்ல. ஒன் சித்தப்பாவ வாராவாரம் ஒங்கிட்ட அனுப்பிவைக்கிறேன்."

அனுப்புவாரா, மாட்டாரா என்ற பயம் மட்டுமே மனதில் இருந்தது. எலிப்பொறிக் கதை சித்தப்பாவுக்கும் எனக்கும், அவருக்கு அதைச் சொன்ன டீச்சருக்கும்தானே தெரியும், முதல்முறை பார்க்கிற இவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.