புதுவாயலில் எண்ணெய்

புதுவாயல் சந்திப்பு. டீக்கடைக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். பழைய கிணறு உப்பாகிவிட்டதால் இதை நம்பித்தான் கடை. கடைக்கார அம்மா முதல் தண்ணீரை வாளியில் பிடிக்கிறார். மேலே எண்ணெய் மினுக்குகிறது. அவர் முகம் வாடுகிறது.

"எண்ணெ கெடச்சிடுச்சி! இனிமே டீ இன்னாத்துக்குக்கா?" என்கிறார் டீக்குக் காத்திருக்கும் தொழிலாளி ஒருவர்.

பெரியபாளையம் பேருந்துக்காக உட்கார்ந்திருக்கும் என் பக்கம் அம்மா திரும்புகிறார். "பேப்பர் படிச்சிக்கினு கீறியேண்ணே, எண்ணெ கீற ஊருக்கு இன்னா ஆவும்?"

புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது; இன்று எப்படியோ வந்துவிடுகிறது. "பெரிய நாட்டுக்காரங்க கப்பல்ல வருவாங்கம்மா. உங்களக் காப்பாத்தத்தான்னு சொல்லிக் குண்டு போடுவாங்க."

கடையே சிரிக்கிறது. "ஐயோ, எனக்குத் தண்ணியே போதும்பா!" என்கிறார் அம்மா.

"அது எங்க மெஷின் எண்ணெக்கா. தண்ணி கொஞ்ச நேரம் ஓடட்டும், போய்டும்" என்கிறார் தோண்டுபவர்.

பெரியபாளையம் பேருந்து வந்து போகிறது. நான் ஏறவில்லை. அரை மணி கழித்து வாளியில் எண்ணெய் இல்லை. தண்ணீர் தெளிகிறது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார். முதல் டீ எனக்கு.

"குடிண்ணே. கப்பல்காரன் வந்தா, இங்க வெறும் தண்ணிதான்னு சொல்லிடு."