முப்பது கம்ப்யூட்டரும் ஒரு மஞ்சள் துணியும்

சிஸ்டம் அட்மின் என்று சொன்னால், சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு நான் பிரிண்டருக்கு மை ஊற்றுகிறவன். மீதிப் பேருக்கு நெட் வராததற்குக் காரணமானவன். என் வீட்டுக்காரியைக் கேட்டால் "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுதாவ" என்பாள். இதைப் படிக்கிற சக அட்மின்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் இதே பட்டங்கள்தான் கிடைத்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு சேலை கம்பெனியில். ஆபீஸ், டிசைன் ரூம், திருவேங்கடம் ரோட்டில் ஒரு குடோன், எல்லாம் சேர்த்து முப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர், ஒரு சர்வர். சேலையின் பார்டரையும் முந்தியையும் டிசைன் ரூமில் கம்ப்யூட்டரில் வரைவார்கள். அந்த ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான், அடுத்து என்ன சேலை என்று தறிக்குத் தெரியும். ஃபைல் இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் நெய்கிறவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நம் எல்லோருக்கும் நடக்கிற கூத்துதான்.

பதினேழு தடவை

எங்கள் மேனேஜர் சண்முகையா அண்ணாச்சி பொறுமைசாலி. பிரிண்டரிடம் மட்டும் அந்தப் பொறுமை செல்லாது. ஒருநாள் பார்சல் சீட்டு ஒன்றை பிரிண்ட் கொடுத்தார். பேப்பர் வரவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார். அப்போதும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அந்த ஒரே சீட்டு பதினேழு தடவை வரிசையில் நின்றது. முதலாவது சிக்கிக்கொண்டதால் பின்னால் நின்ற பதினாறுக்கும் வழியில்லை.

இதற்கு மருந்து உங்களுக்குத் தெரிந்ததுதான். சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, பிரிண்டுகளை வரிசையில் நிறுத்திவைக்கிற பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அது சேர்த்துவைத்திருக்கிற ஃபோல்டரைக் காலி செய்து, திரும்ப ஓட விட வேண்டும். மூன்றையும் ஒரே அமுக்கில் செய்கிற மாதிரி ஒரு சின்ன பேட்ச் ஃபைல் எழுதி அவர் டெஸ்க்டாப்பிலேயே வைத்தேன். வரிசை காலியானதும் அண்ணாச்சி முகம் தெளியும் என்று பார்த்தால், கவலைதான் கூடியது.

"அப்போ அந்தப் பதினேழும் எங்கன போச்சு தம்பி? வேற எவன் பிரிண்டர்லயாவது போயி எறங்கிறப் போவுது, பாத்துக்கிடுங்க."

சர்வருக்குப் புற்றுமண்

சர்வரின் பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி போய்ப் படுத்தது. தானும் செத்து அதையும் எரித்துவிட்டது. புதிது வாங்கி மாற்றினோம். இரண்டு வாரம் கழித்து சர்வர் தானாக அணைய ஆரம்பித்தது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. மெஷினில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால், எதிர்பாராமல் அணைந்தது என்று நேரத்தோடு எழுதியிருந்தது. அது எனக்கே தெரியும். சூட்டைக் காட்டுகிற இலவச டூல் ஒன்றைப் போட்டேன். பிராசசர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மூடியைக் கழற்றினால் ஃபேன் பூராவும் மண். எங்கள் கோவில் புற்றுமண்ணை வீட்டில் வைத்தால் பூச்சி பொட்டு அண்டாது என்பது ஊர் நம்பிக்கை. பல்லிக்குப் பயந்து அண்ணாச்சி ஒரு பொட்டலம் வாங்கிவந்து, நன்றாகப் பொடித்து, சர்வரைச் சுற்றியும் அதன் தலையிலும் தூவியிருக்கிறார். ஃபேன் அவ்வளவையும் பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டது. சக அட்மின்களே, டூலைத் திறப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து பாருங்கள். பிரஷ்ஷும் கையுமாகச் சுத்தம் செய்தபடியே நான் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். அவர் அசரவில்லை.

"மண்ணைக் குத்தம் சொல்லாதீய தம்பி. அதுக்கப்புறம் உள்ள ஒரு பல்லி வந்திருக்கா? சொல்லுங்க பாப்போம்."

மரியாதையாகக் கேட்டால்

குடோனைப் பார்த்துக்கொள்கிற காதர் பாய் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். குடித்துவிட்டு வந்தாலும் அது தயாராகியிருக்காது. குடோனுக்கு டவுன் பஸ்ஸில் போய் வர அலுத்துப்போய், ஆபீஸில் இருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பில் அவர் மெஷினுக்குள் போனேன். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுந்து உட்காருகிற எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்க ஆட்டோரன்ஸ் என்று ஒரு டூல் இருக்கிறது. உங்கள் பென் டிரைவில் அவசியம் இருக்க வேண்டியது. அதில் பார்த்தால் வானிலை சொல்ல இரண்டு, வேகம் கூட்ட மூன்று, வால்பேப்பர் மாற்ற ஒன்று. வேகம் கூட்ட வந்த மூன்றும் சேர்ந்துதான் மெஷினைப் படுக்க வைத்திருந்தன. எல்லா டிக்கையும் எடுத்தேன்.

உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்ததில் எனக்கு ருசி கண்டுவிட்டது. என் வீட்டிலிருந்தே சர்வருக்குள் வருகிற மாதிரி இன்டர்நெட் வழியாக ஒரு பாதையைத் திறந்துவைத்தேன். பாஸ்வேர்டும் கைக்குச் சுளுவாக ஊர்ப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். காதர் பாயிடம் போனில், கண்டதற்கெல்லாம் ஏன் சரி என்று அமுக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி, அது எவ்வளவு மரியாதையா கேக்குது! மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

மாரியின் அலமாரி

டிசைன் ரூமில் மாரியம்மாள். தீபாவளிக்கு எந்தச் சேலை ஓடும் என்று முதலாளிக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அந்த அறையில் சாமி படங்கள் வைத்த ஒரு சின்ன அலமாரி உண்டு. அதனால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அட்மின் என்ற உரிமையில் நான் மட்டும் செருப்போடு மிதித்துக்கொண்டு போவேன். மாரி என் காலைப் பார்ப்பாள், திரும்பித் தன் வேலையைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்வாள். எல்லா டிசைன்களையும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுவாள். வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை மஞ்சள் துணியில் சுற்றி, அலமாரியில் படங்களுக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டுவாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. "டிஸ்க்குக்குச் சுண்டல் உண்டாம்மா?" என்று கேட்பேன். சர்வரில் தினமும் தானாக பேக்கப் ஓடுகிறது, அதற்கென்று பெரிய டிஸ்க் இருபத்துநாலு மணி நேரமும் செருகியே இருக்கிறது என்று ஒரு பிரசங்கமும் செய்வேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"செருகியே கெடந்தா அது எப்படிண்ணே பத்திரம்? வீட்டைப் பூட்டிட்டு சாவியப் பூட்டுலயே தொங்க விட்டுட்டா போவாங்க?"

திங்கட்கிழமை

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை மாரி போன் செய்தாள். "அண்ணே, ஒரு டிசைனும் தொறக்க மாட்டேங்கு. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாலயும் வாலு மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டு நிக்கி."

அட்மின்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். எவனோ உள்ளே வந்து ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கடிதமும் வைத்திருந்தான். ஓடிப்போய் நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கினேன். பேக்கப் டிஸ்க்கைப் பார்த்தேன். செருகியே கிடந்ததால் அதையும் பூட்டியிருந்தான். ஈவென்ட் வியூவர் இந்தத் தடவை தெளிவாகவே பேசியது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கிருந்தோ ஒருவன், என் பெயரில், என் பாஸ்வேர்டைப் போட்டு, நான் திறந்துவைத்த பாதை வழியாக வந்திருந்தான். ஊர்ப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் அவனுக்கும் சுளுவாக இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு தறிகளுக்குத் தீபாவளி டிசைன் போக வேண்டும். பதினாறு வீட்டில் பண்டிகைக்கு அந்தக் கூலியைத்தான் நம்பியிருந்தார்கள். நேரே டிசைன் ரூமுக்குப் போய், மஞ்சள் துணியைப் பிரித்து, டிஸ்க்கை எடுத்து மாரியின் மெஷினில் செருகப் போனேன். மாரி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுங்கண்ணே. திருடன் உள்ள இருக்கானா போயிட்டானான்னு தெரியாம, மிச்சமிருக்க ஒத்தப் பெட்டியையும் அந்த வீட்டுலயே கொண்டு வைப்பியளா?"

நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பாடம் அது. ஒரு மெஷினில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, எந்தக் கேபிளும் இல்லாமல் தனியாக வைத்து, அப்புறம்தான் செருகினோம். வெள்ளிக்கிழமை வரை வரைந்த அத்தனை டிசைனும் அலுங்காமல் இருந்தது. சனிக்கிழமை வரைந்த ஒரு முந்தி மட்டும் போயிருந்தது. மாரி மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து அதைத் திரும்ப வரைந்தாள். நாலரை மணிக்குப் பென் டிரைவ் கிளம்பியது. ஒரு தறியும் நிற்கவில்லை. நான் முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். ஆபீஸ் ஃபைல்களில் பாதி போனது போனதுதான். பழைய மெயில்களில் இருந்து பொறுக்கி எடுக்க ஒரு வாரம் ஆனது.

சாயங்காலம் முதலாளி வந்து, அவன் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்டார். வைரஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். மாரி பக்கத்தில் நின்றாள். நான் பாதையைத் திறந்தது, பாஸ்வேர்டு, செருகியே கிடந்த டிஸ்க், எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் மாரியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உம்ம டூல் அத்தனையையும் விட அந்தப் பிள்ளையோட துணி வெவரமா இருந்திருக்கு வே. ராஜினாமா எழுதிக்கொடுத்துட்டு ஓடிர வேண்டாம், மொதல்ல போயி அந்தக் கதவைப் பூட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை

பூட்டினேன். பாஸ்வேர்டு இப்போது எனக்கே ஒரே தடவையில் அடிக்க வராத நீளம். சர்வருக்கு இரண்டு பேக்கப் டிஸ்க் வாங்கினேன். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. எப்போதும் ஒன்று எதிலும் செருகாமல் வெளியே இருக்க வேண்டும். அதை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, கம்பெனி முழுக்க யாரும் கை வைக்கத் துணியாத ஒரே இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு டிசைன் ரூமுக்குப் போனேன். மாரி எனக்கென்று ஒரு மஞ்சள் துணியைத் தனியாகக் கிழித்து வைத்திருந்தாள். நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, இத்தனை வருஷமாகப் பார்த்துவந்த என் காலைத்தான் பார்த்தாள்.

"டிஸ்க்கை அப்புறம் வைக்கலாம்ணே. மொதல்ல செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

பன்னிரண்டு வருஷ அனுபவமும் பென் டிரைவ் நிறைய டூலும் வைத்திருக்கிற சிஸ்டம் அட்மினுக்கு, இப்போது வெள்ளிக்கிழமை பேக்கப் வேலை செருப்பைக் கழற்றுவதில்தான் ஆரம்பிக்கிறது.