பாக்கியம் அம்மாளின் பாதித் தப்பு

பாக்கியம் அம்மாள் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானார். செய்தியை முதலில் சொன்னவர், கும்பகோணத்தில் அவருடைய விபத்து வழக்கை நடத்திய வழக்கறிஞர். திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ள அவருடைய ஊருக்குப் போய், மகள் வசந்தாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"ரத்தத்துல சீழ் கலந்துடுச்சுன்னாங்க சார். வெட்டுன கால்லேந்து வந்துச்சா, இல்ல சர்க்கரை வியாதியாலயான்னு கேட்டா, பெரியாஸ்பத்திரியில எழுதித் தர மாட்டேங்கறாங்க" என்றார் வசந்தா.

நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுத்த விழாவில்தான் அவரை முதலில் பார்த்தேன். அவருக்கும் கணவர் மாரிமுத்துவுக்கும் மிராசுதாரின் பண்ணை நிலத்தில் ஒரு துண்டு கிடைத்திருந்தது. உழைக்கிறவனுக்கே நிலம் என்று சட்டமன்ற உறுப்பினர் முழங்கி முடித்ததும், கூட்டத்திலிருந்து பாக்கியம் அம்மாள் எழுந்தார்.

"நெலம் குடுத்தீங்க, சந்தோசம். அறுத்த நெல்லை எங்க போட்டுக் காய வைக்கிறது? களம் மிராசுதாரு வேலிக்குள்ளல்ல இருக்கு?"

"அதுக்கும் ஒரு வழி பண்ணுவோம்மா."

"நாங்க வழியிலதாங்க போடப் போறோம். பாத்து வாங்க."

மேடையிலிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அதைத் துணுக்காக எழுதி என் பத்திரிகைக்கு அனுப்பினேன்; வெளியாகவில்லை.

அவர் சொன்னதுதான் நடந்தது. புறம்போக்கில் ஒரு பொதுக்களம் கேட்டு நிலம் பெற்றவர்கள் மனு கொடுத்தார்கள். அந்த இடத்துக்குப் பண்ணையும் உரிமை கொண்டாடியது. மனு தாலுகா அலுவலகத்தில் தங்கிவிட்டது. ஆட்சி மாறியது, சுவர்களில் இருந்த சின்னம் மாறியது, மனு இடம் மாறவில்லை. குறுவை நெல் தார்ச்சாலையில் காய்ந்தது.

இடையில் கூலித் தகராறு முற்றிய ஒரு நாளில், பண்ணையின் நிர்வாகம் பார்த்த காரியக்காரர் கூட்டத்திடம் அகப்பட்டு அடிபட்டு இறந்தார். அன்று மாலையே போலீஸ் வந்து தெருவிலிருந்த ஆண்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. மாரிமுத்து அன்று காலையிலிருந்து திருவிடைமருதூர் கோயில் வாசலில் வைக்கோல் விற்றுக்கொண்டிருந்தவர். அவரும் போனார். சிறையிலிருந்து இருமலோடு திரும்பி, அடுத்த அறுவடையைப் பார்க்காமல் இறந்தார். "அடிச்சவன் நாலு பேரு. போனது தெரு முழுக்க" என்பார் பாக்கியம் அம்மாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

விபத்து ஓர் ஐப்பசியில் நடந்தது. மழை விட்டு வெயில் அடித்த நாள். சாலை ஓரமாகப் பரப்பியிருந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். கும்பகோணத்துப் பாத்திரக்கடை முதலாளியின் கார், மாட்டு வண்டி ஒன்றை முந்தப் பார்த்து நெல்லில் ஏறிச் சறுக்கி, அவருடைய இடது காலை நசுக்கியது. வயலில் இருந்தவர்கள் அரிவாளோடு ஓடி வந்து காரோட்டியை வெளியே இழுத்தார்கள். கீழே கிடந்த பாக்கியம் அம்மாள் கத்தினார்: "அந்தப் புள்ளயத் தொடாதீங்கடா! தப்பு எம்மேலதான்! நான்தான் குறுக்க போனேன்!"

ஓங்கிய கைகள் இறங்கின. காரோட்டி பிழைத்தார்.

கால் எடுக்கப்பட்ட பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன். "நீங்க குறுக்கே போனீங்களா?"

"நான் எங்கேங்க போறது? நெல்லு மேலல்ல நின்னேன்."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் மேல ஒரு அடி விழுந்திருந்தா, பொழுது சாயறதுக்குள்ள தெருவுல வேட்டி கட்டுனவன் ஒருத்தன் இருந்திருக்க மாட்டான். ஒரு தடவை பாத்தாச்சுல்ல."

போலீஸ் தன் அறிக்கையில் அவர் கத்தியதை எழுதிக்கொண்டது. ஏன் கத்தினார் என்பதை எழுதவில்லை.

இழப்பீட்டு வழக்கில் காரோட்டி சாட்சி சொன்னார்: "அந்தம்மாவே தப்பு எம்மேலதான்னு சொன்னாங்க." பாக்கியம் அம்மாள் கட்டையை ஊன்றி எழுந்தார். "ஏந்தம்பி, அன்னிக்கு நான் அதைச் சொல்லலைன்னா, இன்னிக்கு இந்தக் கூண்டுல ஏற உனக்குக் காலு இருந்திருக்குமா?" அவரை உட்காரச் சொன்னார்கள். காரோட்டி தலையைக் குனிந்துகொண்டார், சாட்சியத்தை மாற்றவில்லை.

விபத்தில் அடிபட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தால், அவருடைய தவறு எத்தனை பங்கோ அத்தனை பங்கு இழப்பீட்டில் கழியும். சட்டம் அது. பொதுச்சாலை நெல் காய வைக்கும் இடமல்ல. குறுக்கே போனதாக மனுதாரரே அந்த நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். எனவே தவறு ஆளுக்குப் பாதி என்றது தீர்ப்பு.

நீதிமன்ற வாசலில் வேப்பமரத்தடியில் வழக்கறிஞர் இதை விளக்கினார். பாக்கியம் அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"காலு முழுசாப் போச்சு. தப்பு மட்டும் எப்படிங்க பாதியாவுது?"

"மிச்சப் பாதி கார்க்காரங்க மேலம்மா."

"சரி. அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. களத்தை அடைச்சு வச்சவங்களுக்கு?"

"அவங்க இந்த வழக்குல கட்சி இல்லம்மா."

"அவங்க எந்த வழக்குலதாங்க கட்சி?" என்று கேட்டுவிட்டுக் கட்டையை ஊன்றிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மேல்முறையீடு செய்யச் சொன்னவர் அவர்தான். கிடைப்பது கூடும் என்பதற்காக அல்ல. "அந்தப் பாதியை எம்மேலேந்து எடுக்கச் சொல்லுங்க, போதும்" என்றார். உயர் நீதிமன்றத்தில் வழக்கு வரிசைக்கு வருமுன் அவர் போய்விட்டார்.

புதன்கிழமை அவரை அந்தச் சாலை வழியாகத்தான் எடுத்துப் போனார்கள். சம்பா அறுவடை முடிந்து பண்ணையின் களம் நிரம்பி, அதன் மிச்ச நெல் தார் முழுக்கப் பரப்பியிருந்தது. காவலுக்கு இருந்த பண்ணையாள் எழுந்து நின்றார், நெல்லை ஒதுக்கவில்லை. பாடை தூக்கியவர்கள் நெல்லை மிதிக்காமல் சாலையை விட்டு இறங்கி, வாய்க்கால் கரைச் சேற்றில் வரிசையாக நடந்தார்கள். பொதுச்சாலை எதற்கானது என்று அன்று யாரும் கேட்கவில்லை. காரோட்டி வரவில்லை.

பாக்கியம் அம்மாளே, அன்று ஓங்கிய கையை இறக்கி உங்களால் வீடு திரும்பியவர்கள்தான் உங்களைச் சுமந்துபோனார்கள். இந்த ஒன்றையாவது உங்கள் கணக்கில் முழுதாக எழுதுகிறேன். போய் வாருங்கள்.

மேல்முறையீடு கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் விசாரணைக்கு வரும் என்கிறார் வழக்கறிஞர். காயத்தால் இறக்கவில்லையென்றால் காயத்துக்கான கோரிக்கையும் அவரோடு முடிந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் வெட்டிய காலால்தான் இறந்தார் என்று ஆஸ்பத்திரி எழுதித் தர மறுக்கும் அந்த ஒரு வரிக்காக வசந்தா திங்கட்கிழமை மறுபடி போகிறார். களத்துக்கான மனு, ஊர்க்கணக்கு பார்க்கும் ஜமாபந்தியில் வைகாசியில் எடுத்துக்கொள்ளப்படும் என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவரை பாதித் தப்பு பாக்கியம் அம்மாள் மேல்தான் இருக்கும்.