வாசலில் நின்ற வீராங்கனை

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மனைவி செண்பகம் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பதினோரு நிமிடம் நின்றாள். கையில் வாள், முதுகில் கேடயம். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவள் உள்ளே போகவில்லை.

பயந்துவிடாதீர்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான்.

விஷயம் இதுதான். என் மச்சினன் சங்கரன் – செண்பகத்தின் தம்பி – சென்னையில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வேலையை உதறிவிட்டு, நான்கு நண்பர்களோடு சேர்ந்து வீடியோ கேம் செய்யப்போவதாகச் சொல்லி, திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டான். ரோல்-ப்ளேயிங் கேமாம். நாம் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ மாறி, ஒரு மாய உலகத்தில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். வழியில் பூதம், மந்திரவாதி, இன்னபிற.

மாய உலகம் என்றுதான் பேர். பார்த்தால் நம்ம பக்கம் மாதிரியே இருக்கிறது. மேற்கே மலை, அதிலிருந்து ஓர் ஆறு, இரண்டு கரையிலும் நெல்லும் வாழையும். தெற்கே இறங்கினால் பனங்காடு, செம்மணல்... அங்கேதான் பூதங்கள் குடியிருக்கின்றன. அதே பனங்காட்டுப் பக்கம், சாத்தான்குளத்துக்கார நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிவைத்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

கதை எளிது. மந்திரவாதி ஒருவன் ஆற்றைத் தூங்க வைத்துவிட்டான். அதை எழுப்ப ஒரு விளக்கு வேண்டும். விளக்கு ஒரு கிராமத்து வீட்டுக்குள் இருக்கிறது. போய் எடுத்து வர வேண்டும். இதுதான் முதல் கட்டம்.

இதில்தான் சிக்கல் வந்தது. இந்த கேமைப் பணம் கொடுத்து ஆதரித்துவந்த சென்னை கம்பெனியின் பொறுப்பாளர், படமெல்லாம் அழகு, ஆனால் ஆடுகிறவர்கள் பத்து நிமிடத்தில் மூடிவிட்டுப் போகிறார்களே என்றார். நூறு கேமில் பார்த்ததுதானே இது என்றும் கேட்டார். இரண்டு வாரம் தருகிறேன், புதிதாக ஏதாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால்? சங்கரன் மறுபடி இன்சூரன்ஸுக்குத்தான் போக வேண்டும். மூன்று வருட உழைப்பு ஆற்றோடு போகும். அவன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். அக்காக்காரியால் அதைத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், என்னாலும் முடியவில்லை.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். ஆலோசனை கேட்காவிட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பதினான்கு யோசனைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாடியேறினேன்.

உதாரணமாக, வீரன் நாற்பது வாள், ஆறு கவசம், ஒரு மூட்டை ரொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடுகிறானே... எங்கே வைத்திருக்கிறான்? ஒரே ஒரு பையோடு ஜங்ஷனிலிருந்து டவுண் பஸ்ஸில் வந்து பார்க்கட்டும், தெரியும். அப்புறம், உயிர் குறைந்தால் ஏதோ சிவப்புத் தண்ணீரை பாட்டிலோடு கவிழ்க்கிறான். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு செய்கிற கேமில் சிவப்புத் தண்ணீரா? சூடாக நூறு கிராம் அல்வா, இலையில் வைத்து... உயிர் தானாக ஏறாதா? பூதத்தோடு சண்டை போடும்போது மணி ஒன்று ஆகிவிட்டால் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம் என்பது என் ஒன்பதாவது யோசனை.

சங்கரன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். “பாக்கலாம் அத்தான்” என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

நானே ஆடியும் பார்த்தேன். கிராமத்துக்குள் நுழைந்தேன். வீட்டுக்குள் புகுந்தேன். உள்ளே ஏதாவது இருக்கும் என்று ஏழு பானைகளை உடைத்தேன். விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மொத்தம் ஒன்றரை நிமிடம். அந்த வீட்டுக்காரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஆள் ஆடிப் பார்த்தால் நல்லது என்றான் சங்கரன். அப்படித்தான் செண்பகம் மாட்டினாள். அவள் கிராம சுகாதார செவிலியர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமங்களில் இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்வருகிறவள். தடுப்பூசி, சொட்டு மருந்து, பிள்ளைத்தாய்ச்சிகளின் கணக்கு... அந்தத் தெருக்களில் அவளைத் தெரியாத நாய்கூடக் கிடையாது.

மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். நடக்கக் கற்றுக்கொண்டாள். தெருவில் போனாள், விளக்கு இருக்கும் வீட்டைக் கண்டுபிடித்தாள், வாசலில் நின்றாள்... நின்றுகொண்டே இருந்தாள். கம்ப்யூட்டர் உறைந்துவிட்டதோ என்று சங்கரன் ஒயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தான்.

“அக்கா, ஏன் அங்கனயே நிக்க? உள்ள போ.”

“யாரும் கூப்பிடலையேலே.”

“கதவு தொறந்துதானக்கா கெடக்கு.”

“தொறந்து கெடந்தா போயிரதா? அது அவ வீடு.”

இது கேம், இங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்று சங்கரன் படபடத்தான். செண்பகம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“ஒரு வீட்டுல பேரு கெட்டா மறுநா தெருவே கதவ அடைச்சிரும். அப்புறம் அங்கன ஒரு பிள்ளைக்குச் சொட்டு மருந்து குடுக்க முடியுமா? வெளிய நின்னு கூப்பிடணும். அடுப்புல ஏதாவது கெடக்கும், பைய வருவா. அதுவரைக்கும் நிக்கணும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “வாளும் கையுமா ஒருத்தி ஊருக்குள்ள வாரா. எந்த ஊருன்னு கேக்க ஒரு நாதி இல்ல. ஏலே, இது என்ன ஊரு?”

சங்கரன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். செண்பகத்துக்கு முகம் வாடிவிட்டது. பாவம், ஏற்கெனவே நொந்து கிடக்கிறான், எல்லாரையும் போல நானும் ஆடித் தொலைத்திருக்கலாம் என்று அன்று முழுக்கப் புலம்பினாள். நான் ஆறுதல் சொன்னேன். கூடவே, ஒன்றரை நிமிடத்தில் முடித்த என் சாதனையையும் நினைவுபடுத்தினேன். அதை அவள் ரசிக்கவில்லை.

அதன்பிறகு சங்கரன் மாடியை விட்டு இறங்கவில்லை. ஒரே ஒருநாள் கீழே வந்து அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு போனான். என்ன விஷயம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

போன வெள்ளிக்கிழமை காலை. மாடியில் நெட் சரியாக வராது என்பதால் எங்கள் ஹாலில்தான் எல்லாம் நடந்தது. வீடியோ காலில் பொறுப்பாளர். அவர் சென்னையில் இருந்தபடி ஆட, நாங்கள் இங்கே பார்த்தோம்.

அவரும் என் கட்சிதான். நேரே வீட்டுக்குள் புகுந்தார். மூன்று பானைகளை உடைத்தார். விளக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

எதிர்வீட்டுக் கதவு மூடியது. பக்கத்து வீட்டுக் கதவு மூடியது. அதற்கடுத்ததும்... ஒவ்வொன்றாக, தெருக்கோடி வரைக்கும். அவர் கையில் விளக்கு இருந்தது, ஆனால் அதில் எண்ணெய் இல்லை. எண்ணெய் கொடுக்க ஒரு வீடும் திறக்கவில்லை. மேலும் கீழும் நடந்தார். ஒரு கதவை வாளால் வெட்டிப் பார்த்தார். ம்ஹூம். ஐந்து நிமிடம் ஆனது.

ஏதோ கோளாறு போலிருக்கிறதே என்றார். சங்கரன் வாயைத் திறக்கவில்லை. நாமே வழியைச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் தோற்றுவிட்டது என்று அர்த்தமாம், முன்பே சொல்லியிருந்தான். ஆனால் இந்த மனிதர் இப்போது மூடிவிட்டுப் போனால் மூன்று வருடமும் போச்சு. வாழ்க்கையில் முதல்தடவையாக ஆலோசனை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுக்களை வாசலிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, எடுத்தத எடுத்த எடத்துல வச்சிருங்க. வெளிய வந்து நின்னு, கூப்பிட்டுப் பாருங்க.”

சங்கரன் தலையில் கை வைத்துக்கொண்டான். பொறுப்பாளர், திறந்தே கிடந்த அந்த வீட்டுக்குள் மறுபடி போனார். விளக்கை வைத்தார். வெளியே வந்து வாசலில் நின்று, சங்கரன் புதிதாகச் சேர்த்திருந்த ‘கூப்பிடு’ பட்டனை அழுத்தினார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வீட்டுக்குள் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது நிமிடம் அந்தப் பெண் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

“யாரு? எந்த ஊரு? உள்ள வாங்க... மொதல்ல தண்ணி குடிங்க.”

எங்கேயோ கேட்ட குரல். திரும்பிப் பார்த்தேன். செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொறுப்பாளர் சொன்னார்: “நூறு கேம்ல நூறு வீட்டுக்குள்ள பூந்து எடுத்திருக்கேன் சங்கரன். இன்னிக்குத்தான் வெட்கமா இருந்துச்சு.”

இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் தருகிறார்களாம். எல்லா ஊரையும் இப்படியே செய்யச் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி. சங்கரன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். நான் அப்பளத்தை நொறுக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் பதினான்கு யோசனைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அல்வா மட்டும் பரிசீலனையில் இருக்கிறது.

ஒரு மனிதன் யாரென்று தெரிய அவனுக்குப் பதவி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதெல்லாம் எதற்கு? ஒரு பொய் வாளையும் திறந்து கிடக்கிற ஒரு வீட்டையும் கொடுத்தால் போதும். இத்தனை வருடம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பண்பாடு பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன்... ஏழு பானை உடைத்திருக்கிறேன்!

இனி, உலகத்தில் எவன் வந்து அந்த வாசலில் காத்து நின்றாலும் என் மனைவி ‘உள்ள வாங்க’ என்பாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என்னை ஒருநாளாவது அப்படி அழைத்திருக்கிறாளா? நியாயமாகப் பார்த்தால், நான் ஒருநாளாவது வாசலில் நின்றிருக்கிறேனா?

நேற்று சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து நின்றேன். கதவு திறந்துதான் கிடந்தது. குரல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். உள்ளே கடுகு வெடித்தது. மூன்றாவது நிமிடம் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பால் எங்க?”

கதவு மூடுவதற்குள் கடைக்கு ஓடினேன்.